ஆச்சு

காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு லிஃப்ட்காரர் பக்கெட்டுக்குள் கையை விட்டார்.

தண்ணீர் பதமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். பக்கத்தில் நான்கு வயது மகன் துண்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, உடம்பில் வேறு ஒன்றுமில்லாமல், ஒற்றைக் காலில் நின்றான். மூன்று நாளாக விடாத தூறல். தரை ஜில்லென்றிருந்தது. பக்கெட்டின் விளிம்பில் ஹீட்டர் கம்பி தொங்கியது. அதன் சுவிட்ச் வெளியே, சமையலறைச் சுவரில்.

“பாப்பா, ஹீட்டரை ஆஃப் பண்ணு” என்று குளியலறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“ஹீட்டர் ஆஃப்” என்றாள் மகள்.

“ஆச்சா?”

“ஆச்சுப்பா.”

அவர் கையை விட்டார்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்துச் சுவரில் அறைந்த மாதிரி இருந்தது. பக்கெட் கவிழவில்லை. அவர்தான் கதவோரம் கிடந்தார். பற்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருந்தன. அப்பா விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துச் சின்னவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பக்கெட்டை நோக்கி ஓரடி வைத்தான்.

அந்த ஓரடியை அவர் பார்த்தார். கத்த வாய் வரவில்லை. காலை நீட்டிப் பையனின் கணுக்காலைத் தட்டிவிட்டார். அவன் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். எழுந்து போய்ச் சமையலறையைப் பார்த்தார். சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, பதினைந்து வயது மகள் பள்ளிச் சீருடையில் நின்று ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் கம்பியில் வழியும் மழைத்துளிகள் எங்கே சேர்கின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் சுவிட்சைக் காட்டினார்.

“ஆஃப் பண்ணேனேப்பா” என்றாள். விளக்கைப் பார்த்தாள். ரொட்டி கையிலிருந்து விழுந்தது. “பண்ணேனே.”

அடிக்கக் கையை ஓங்கப் பார்த்தார். கை எழவில்லை. தோளுக்குக் கீழே கை இருப்பதே தெரியவில்லை.

*

வேறு வீடாக இருந்தால் பிளக்கைப் பிடுங்காமல் யாரும் கையை விட்டிருக்க மாட்டார்கள். அவர் விட்டதற்குக் காரணம் அவருடைய தொழில்.

லிஃப்ட் வேலையில் ஆட்கள் இரண்டு பேர். ஒருவன் உச்சியில் மெஷின் ரூமில் இருப்பான். மற்றவன் லிஃப்ட் பெட்டியின் கூரையில் நிற்பான், அல்லது அடியில் பள்ளத்தில் இறங்குவான். ஒருவன் முகம் மற்றவனுக்குத் தெரியாது. நடுவே இருட்டும் கம்பி வடங்களும் ஒரு குரலும்தான். கீழே இருப்பவன் சொன்னதை மேலே இருப்பவன் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சுவிட்சை இறக்கி, பூட்டைப் போட்டு, சாவி பைக்குள் போன பிறகுதான் ‘ஆச்சு’ என்று சொல்லலாம். அதற்கு முன்னால் ‘பண்றேன்’ என்று சொல்லலாம், ‘இருங்க’ என்று சொல்லலாம், திட்டக்கூடச் செய்யலாம். ‘ஆச்சு’ மட்டும் வாயில் வரக்கூடாது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கும் அதையே கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் சொன்னதைத் திருப்பிச் சொல்வார்கள். செய்துவிட்டு ‘ஆச்சு’ என்பார்கள். வந்த விருந்தாளிகள் சிரிப்பார்கள். அவருக்குப் பெருமையாக இருக்கும்.

மனைவி ரொட்டிக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். விடிவதற்கு முன் கிளம்பிப்போனவள் மதியம் இரண்டு மணிக்கு, வெட்டியெடுத்த ரொட்டி ஓரங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தாள். புருஷன் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பதைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“ஏங்க, என்னாச்சு?”

சொன்னார். அவள் அவருடைய கையை எடுத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்த் தூங்கிக்கொண்டிருந்த சின்னவனின் உள்ளங்கைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

“டாக்டர்கிட்ட போனீங்களா?”

“போனேன். நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லன்னுட்டார். எனக்கு ஆனது போகட்டும். உன் பொண்ணு பொய் சொல்றா.”

“உருப்படியா ஒரு காரியம் பண்ணா உங்க பொண்ணு. இல்லன்னா என் பொண்ணா?”

“விளையாடாத.”

“விளையாடல. மறந்திருப்பா.”

“மறந்தா மறந்துட்டேன்னு சொல்லணும். திருப்பிச் சொன்னா. என் காதால கேட்டேன். ஹீட்டர் ஆஃப்னா. அப்புறம் ஆச்சுன்னா. கேட்டவளுக்கு என்ன மறதி?” அவர் குரலைத் தாழ்த்தினார். “போன மாசம் கேஸைத் திறந்தே விட்டாளே, அன்னிக்கும் ஆச்சுன்னுதான் சொன்னா. வாசக் கதவைப் பூட்டுன்னா ஆச்சும்பா, கதவு பப்பரப்பான்னு திறந்திருக்கும். வாய் கூசாம சொல்றா பாரு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

“படம் வரையற நேரத்துல கூப்பிட்டா அவளுக்குக் காதே கேக்காது. அந்த மாதிரி…”

“அதைத்தான் நானும் சொல்றேன். மூணு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராம வரையத் தெரியுது. ஒரு சுவிட்சைத் தட்டத் தெரியாதா? மனசு வைக்கல. திமிரு.”

மனைவி ரொட்டி ஓரங்களைத் தட்டில் கொட்டினாள்.

“எங்க சூப்பர்வைசர் பொண்ணு படிச்ச ஹாஸ்டல் ஸ்கூலுக்குப் போன் பண்ணிட்டேன்” என்றார். “ஒரு இடம் இருக்காம். ஞாயித்துக்கிழமை கொண்டுவிடணும். அங்க மணி அடிச்சா எழுந்திருக்கணும், மணி அடிச்சா சாப்பிடணும்.”

“மணிதான் வேணும்னா வீட்லயே ஒண்ணு கட்டித் தொங்க விடுங்க.”

“நீ அஞ்சு மணிக்குப் போயிடற. நான் எட்டு மணிக்குப் போயிடறேன். நடுவுல சின்னவன் யார்கிட்ட இருக்கான்? சொல்லு.”

சின்னவனைப் பக்கத்துத் தெரு பாலர் பள்ளியில் விடுவதும், நான்கு மணிக்குத் தன் பள்ளி விட்டு வரும் வழியில் கூட்டிக்கொண்டு வருவதும் மகளின் வேலை.

*

மறுநாள் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. பள்ளத்தில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அவருடைய கூட்டாளியை எல்லோரும் நெட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். மெஷின் ரூம் கதவில் இடிக்காமல் அவன் நுழைந்ததே இல்லை. அன்றும் இடித்துக்கொண்டுதான் நுழைந்திருப்பான்.

அவர் தரைத்தளக் கதவை நெம்பித் திறந்துகொண்டு, ஏணியில் ஒரு காலை வைத்தார். தலைக்கு மேலே இரண்டாவது மாடியில் பெட்டியின் அடிப்பகுதி கறுப்பாக நின்றது.

“மெயின் ஆஃப் பண்ணு” என்றார் வாக்கி-டாக்கி கருவியில்.

“மெயின் ஆஃப்” என்றது நெட்டையின் குரல். கொஞ்ச நேரம் கழித்து, “ஆச்சுண்ணே.”

அவருடைய கால் நகரவில்லை.

தண்ணீரில் மேலே நிற்கும் பெட்டியின் நிழல் ஆடியது. ஆடுவது தண்ணீர்தான் என்று தெரியும். தெரிந்தும் ஏணியை இறுகப் பிடித்தார்.

“ஆச்சா?” என்றார் மறுபடி.

“ஆச்சுண்ணே.”

“பூட்டு?”

“பூட்டு போட்டாச்சு. சாவி என்கிட்ட.”

இன்னொரு தரம் கேட்டார். மறுமுனையிலிருந்து அதே பதில். ஒரே நேரத்தில் மூன்று தரம் யாரும் கேட்பதில்லை. அவர் கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு படியேறினார். ஆறாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். கால்கள் மேலேயே போயின.

சுவிட்ச் இறங்கியிருந்தது. பூட்டு தொங்கியது. நெட்டை கருவிப் பையின் மேல் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“என்னண்ணே, என் மேல என்ன கோவம்?”

“ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமயா ஒன்பது மாடி ஏறி வந்தீங்க? லிஃப்ட்லயாவது வந்திருக்கலாம். ஐயோ, அதைத்தான் நானே நிறுத்திட்டேனே.”

அவர் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது கை இன்னும் மரத்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார்.

நெட்டை பூட்டைப் பார்த்தான். “பொய் சொல்றவனுக்கு ஏதாவது ஆதாயம் வேணும்ணே” என்றான். “வேலையைத் தட்டிக் கழிக்கலாம், அடி விழாம தப்பிக்கலாம். சுவிட்ச் அவ கைக்கிட்டயே இருந்துச்சுங்கறீங்க. ஒரு விரல் வேலை. அதைப் பண்ணாம பண்ணிட்டேன்னு சொல்றதுல அவளுக்கு என்ன கிடைக்குது?”

“அதான் எனக்கும் புரியல.”

“புரியாததுக்கு ஹாஸ்டலா?”

“வேற என்ன பண்ணச் சொல்ற? எனக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்குடா.”

சொன்ன பிறகுதான் அது உண்மை என்று அவருக்குத் தெரிந்தது.

*

புதன்கிழமை பள்ளியிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். இருவருமே போனார்கள். கணக்கு டீச்சர் வகுப்பில் தனியாகக் காத்திருந்தார். சாக்பீஸ் தூள் படிந்த விரல்கள். மேசையில் ஒரு நோட்டு.

“டிசி குடுக்கறீங்களா டீச்சர்?” என்று மனைவி உட்காரும் முன்பே கேட்டாள்.

“உட்காருங்கம்மா. அதெல்லாம் இல்ல.” டீச்சர் நோட்டைத் திறந்தார். “ஒரு மாசமா நான் கவனிச்சு எழுதிட்டு வரேன். இந்தப் பரிட்சைத் தாளைப் பாருங்க. கணக்கு எல்லாம் சரி. விடையை எடுத்து எழுதும்போது எண்ணை மாத்திட்டா. கடைசிப் பக்கம் இருக்குன்னே அவ பார்க்கல. தெரியாம இல்ல, நான் வாயால கேட்டேன், பட்பட்னு சொன்னா. கேள்வியை முடிக்கறதுக்குள்ள சொன்னா.”

“வீட்லயும் அப்படித்தான். பேச விடமாட்டா” என்றாள் மனைவி.

“இந்த வருஷம் எத்தனை தண்ணி பாட்டில்?”

“ஆறு. குடை மூணு.”

“உட்கார்ந்தா முட்டி ஆடிட்டே இருக்கும். பென்சிலோட மரத்தைப் பல்லால உரிச்சுடுவா. ஒரு வேலைன்னா செய்வா. மூணு வேலை சேர்த்துச் சொன்னா முதல் வேலையில பாதியில நிப்பா. பசங்கன்னா பெஞ்சு மேல ஏறுவாங்க, உடனே தெரிஞ்சிடும். இவ உட்கார்ந்த இடத்துலயே ஓடிட்டிருக்கா. அதனாலதான் இவ்வளவு நாள் யாரும் பார்க்கல. நானும்தான். கூட இருக்கறதுங்க இவளை டியூப்லைட்னு கூப்பிடுதுங்க. நானே ஒரு நாள் சிரிச்சிருக்கேன்.”

லிஃப்ட்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “டீச்சர், ஒண்ணு கேக்கறேன். சொன்னதைத் திருப்பிச் சொல்றா. வார்த்தை மாறாம சொல்றா. அப்புறம் செஞ்சிட்டேன்னு சொல்றா. செய்யறதில்ல. இதுக்குப் பேரு பொய் இல்லையா?”

“திருப்பிச் சொன்னா காது கேட்டுச்சுன்னுதான் அர்த்தம் சார்.”

“எங்க வேலையில அப்படி இல்லீங்க.”

“உங்க வேலையில இருக்கறவங்களுக்கு அது சரி. இவளுக்குக் கேக்கறதுக்கும் கை போறதுக்கும் நடுவுல வேற எதெல்லாமோ வந்துடுது. செய்யணும்னு நினைச்சது செஞ்ச மாதிரியே மனசுல விழுந்துடுதோ என்னவோ. நான் டாக்டர் இல்ல. இது கவனக் குறைபாடா இருக்கலாம்னு எனக்குத் தோணுது. பெரிய ஆஸ்பத்திரியில பிள்ளைங்களோட மனசு பார்க்கற டாக்டர் இருக்காங்க. அவங்க பார்த்துச் சொல்லட்டும்.”

“படம் மட்டும் மூணு மணி நேரம் வரையறாளே?”

“அதுவும் இதுல சேர்த்திதான்னு படிச்சிருக்கேன். எதுல மனசு போய் ஒட்டும்னு அவ கையில இல்ல. ஒட்டிடுச்சுன்னா எடுக்கவும் முடியல.” டீச்சர் பேனாவை மூடினார். “சின்ன வயசுலயும் இப்படியா?”

மனைவி சொல்ல ஆரம்பித்தாள். ஒன்றாம் வகுப்பில் ஒரு காலில் தன் ஷூவும் இன்னொரு காலில் வேறு யாருடைய ஷூவுமாக வந்தது. உப்பு வாங்கப் போனவள் நாய்க்குட்டியோடு திரும்பியது. சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் சாப்பிட்ட இலையருகே பல்செட்டை வைத்துவிட்டு வருகிற கிழவரைப் போல, எங்கே போனாலும் எதையாவது விட்டுவிட்டு வருவாள் என்று சித்தப்பா கேலி செய்தது. எல்லாமே வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைகள். சிரிக்கத் தொடங்கித்தான் அவளும் சொன்னாள். நான்காவதைச் சொல்லவில்லை.

லிஃப்ட்காரருக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. பொய் என்றால் அடிக்கலாம், திட்டலாம், ஹாஸ்டலில் போடலாம். பொய் இல்லையென்றால் என்ன செய்வது? அந்தச் சொல்லை அவள் மனதாரத்தான் சொல்கிறாள் என்றால், இனி எதைக் கேட்டு எதைத் தெரிந்துகொள்வது?

பஸ்ஸில் மனைவி டாக்டரைப் பார்க்கப் போன் பண்ணினாள். திங்கட்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது.

“ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்” என்றார் அவர்.

“திங்கட்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாதா?”

“இடம் போயிடும்.”

“போகட்டுமே.”

“சின்னவன் போயிட்டா?”

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

*

அன்று சாயங்காலம் அவர் தன் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். பழுது எங்கே என்று சொல்லக் கேட்டு அவர் எந்த லிஃப்டையும் சரி செய்ததில்லை. ஓட விட்டு, கூடவே நின்று பார்ப்பார்.

ஆபத்தில்லாத வேலையாக யோசித்தார். மனைவி சின்னவனைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கப் போயிருந்தாள். மகள் கூடத்தில் பையைக் கவிழ்த்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். துணி காய்வதற்காகப் பின் அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

“பாப்பா, பின் ரூம்ல ஃபேனை நிறுத்திட்டு வா.”

“ஃபேனை நிறுத்திட்டு வரேன்” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனாள். சுணக்கம் இல்லை. முகச்சுளிப்பு இல்லை.

அவர் வெறுங்காலோடு பின்னால் போய்க் கதவிடுக்கில் நின்றார்.

அவள் நேராகச் சுவிட்சை நோக்கித்தான் போனாள். கையும் எழுந்தது. சுவிட்சுக்கு நாலு விரற்கடை இருக்கும்போது ஜன்னலில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. நனைந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. அவள் ஜன்னலுக்குப் போனாள். புறாவின் காலில் நூல் சுற்றியிருந்தது. உதட்டைக் குவித்து அதனிடம் ஏதோ சொன்னாள். சட்டைப் பையிலிருந்து பென்சில் வந்தது. பள்ளியில் கொடுத்த ஏதோ நோட்டீஸைத் திருப்பிப் போட்டு, கட்டிலோரம் மண்டியிட்டு, அந்தக் காலை வரைய ஆரம்பித்தாள். முட்டி ஆடவில்லை. உடம்பில் ஒரு அசைவு இல்லை. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. பறக்காமல் இருக்க இடது முழங்கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. அவர் கூடத்துக்குத் திரும்பி வந்து, எப்போதும் போலக் குரல் கொடுத்தார்.

“ஆச்சா?”

“ஆச்சுப்பா.”

திரும்பவும் கதவருகே போனார். முழங்கை தாளின் மேல் அழுத்தியபடியே இருந்தது. அவளுடைய கூந்தல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. பொய் சொல்கிறவர்களின் முகம் அவருக்குத் தெரியும். தேயாத வடத்தைத் தேய்ந்ததென்று சொல்லும் காண்ட்ராக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறார். இது அந்த முகம் இல்லை.

“பாப்பா. மேல பாரு.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பி, அவரைப் பார்த்து, பிறகு மேலே பார்த்தாள். இறக்கைகள் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணெதிரே அவள் முகம் வெளுத்தது.

“நிறுத்தினேன்ப்பா.”

“இல்லடா.”

“நிறுத்தின மாதிரியே இருக்குப்பா. சுவிட்ச் விரல்ல பட்டது எனக்கு ஞாபகம் இருக்கு.” தன் விரலைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது அடியை அவர் தன் மரத்த கையால் பிடித்துக்கொண்டார்.

“வேணாம். திட்ட வரல நான்.”

“திட்டுங்கப்பா. திட்டினா நல்லா இருக்கும்.” மூச்சு வாங்கியது அவளுக்கு. “அன்னிலேருந்து சின்னவனை நான் தூக்கறதே இல்ல. தெரியுமா? ஸ்கூல்லேருந்து வரும்போது சுவரோரமாத்தான் நடக்க வைக்கறேன். கை வழுக்கிடுமோன்னு அவன் சட்டையை என் பையோட சேர்த்து ஊக்கு குத்திடறேன். அப்புறமும் நடுவுல திரும்பித் திரும்பிப் பார்க்கறேன். இருக்கானான்னு. கையைப் பிடிச்சிருக்கேன்னு நானா நினைச்சுக்கிட்டிருந்தா?”

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். அவளையும் உட்கார வைத்தார். ஒரே ஒரு நாள் அவரும் பள்ளத்துக்கு முன்னால் நின்று, தெரிந்த குரலை நம்ப முடியாமல் நடுங்கினார். இவள் நடுங்குவது தன் குரலையே கேட்டு. தினமும். எத்தனை வருடமாகவோ.

“பொய் சொல்றேன்னு அம்மாகிட்ட சொன்னீங்கல்ல. கேட்டுச்சு” என்றாள்.

“சொன்னேன். தப்பு. நான் பார்த்த விதம் தப்பு.” அவருக்கு இப்படிப் பேசிப் பழக்கமில்லை. “திங்கட்கிழமை ஒரு டாக்டரைப் பார்க்கப் போறோம். நீ, நான், அம்மா. உன்னை மாதிரி நிறையப் பிள்ளைங்க வராங்களாம்.”

“ஞாயித்துக்கிழமை ஹாஸ்டல்னு சொன்னீங்களே.”

“அது வேணாம்.”

“இல்லப்பா. நான் போறேன்.” அவள் கட்டிலுக்கு அடியில் காலால் துழாவினாள். ஒரு பை வெளியே வந்தது. அதில் இரண்டு சீருடை, சீப்பு, பல் துலக்கும் பிரஷ், ஒரு பென்சில் டப்பா. எதையும் மறக்காமல் எடுத்து வைத்திருந்தாள். “நேத்தே எடுத்து வெச்சுட்டேன். நான் இல்லன்னா இங்க ஒண்ணும் ஆகாது. நிம்மதியா தூங்கலாம் நீங்க.”

ஜன்னலில் புறா இல்லை. வெளியே படிக்கட்டில் மனைவியின் குரலும், சின்னவன் ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு ஏறுவதும் கேட்டது. ஏழுக்குப் பிறகு அவனுக்கு ஒன்பதுதான் வரும்.

அவர் பையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வாரைப் பிடித்தபடியே, கணக்கு கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

“அங்க ஒரு ரூம்ல நாலு பேராம்ப்பா. என் பக்கத்துக் கட்டில்ல படுக்கற பொண்ணுகிட்ட, நான் ‘ஆச்சு’ன்னு சொன்னா நம்பக் கூடாதுன்னு முன்னாடியே யாராவது சொல்லிடுவாங்களா?”